சட்டாம்பிள்ளைக்கும் பயிற்சி வேண்டும்

மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு

'சட்டாம்பிள்ளை' என்னும் சொல் இன்று ஏறக்குறைய ஒரு வசைச்சொல்லாகிவிட்டது. வல்லரசு ஒன்று சிறிய நாட்டை மிரட்டினால், அது உலகத்துக்குச் சட்டாம்பிள்ளை வேலை பார்க்கிறது என்று நாளேடுகள் எழுதுகின்றன. வீட்டில் அண்ணன் அதட்டினால், 'சட்டாம்பிள்ளைத்தனம் பண்ணாதே' என்கிறாள் தங்கை. ஆனால் அச்சொல்லுக்கு உரியவன் யார்? திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியருக்கு அடுத்தபடியாக அமர்ந்து, தன்னைவிடச் சிறியவர்களுக்கு மணலில் எழுத்தைக் காட்டிக்கொடுத்து, மனப்பாடம் கேட்டு, ஒப்பித்தவனை அடுத்த பாடத்துக்கு அனுப்பிவைத்த மூத்த மாணவன்தான் அவன். உதவிக்கு வைத்தவனின் பெயர் அதட்டலுக்குப் பெயரானது எப்படி? இக்கேள்விக்கு விடை கண்டால், நம் கல்லூரியில் பல ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு காரியத்தை எப்படிச் சீர்செய்யலாம் என்பதும் விளங்கிவிடும் என்பது என் எண்ணம்.

நான் குறிப்பிடும் காரியம், மூத்த மாணவர் இளைய மாணவருக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது. அதற்கென்று நம்மிடையே பட்டமோ பதவியோ கிடையாது. ஆனால் வேலை மட்டும் நாள்தோறும் நடக்கிறது. விடுதி அறைகளில் நடக்கிறது. நூலகத்தின் பின்புற வேப்பமரத்தடியில் நடக்கிறது. பருவத் தேர்வுக்கு முந்தைய மூன்று வாரங்களில் பேருந்துக்குள்கூட நடக்கிறது. துறையில் ஒரு மாணவன் சற்று நன்றாகப் படித்தால் போதும், "நீ மற்றப் பசங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடப்பா" என்று விரிவுரையாளர் ஒருவர் அன்போடு முதுகில் தட்டிவிட்டுப் போகிறார். அந்தத் தட்டுதல் ஒன்றுதான் அவன் பெறும் பயிற்சி. இது போதாது என்பதே நான் சொல்ல வந்தது.

இதைக் கேட்டுச் சில நண்பர்கள் சிரிக்கக்கூடும். 'தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சியா? அதற்கு ஒரு வகுப்பா?' என்பார்கள். அவர்கள் சற்றுப் பொறுமையுடன் என்னோடு 1789-ஆம் ஆண்டுச் சென்னைக்கு வரவேண்டுகிறேன்.

அவ்வாண்டில் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், எழும்பூரில் இருந்த இராணுவ ஆண் அநாதை விடுதியின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றார். ஐரோப்பியப் படைவீரர்களின் பிள்ளைகள் அங்கே படித்தனர். உதவி ஆசிரியர்கள் ஆர்வமற்றவர்களாயிருந்தனர். ஒருநாள் காலை குதிரையில் சென்ற பெல், வழியில் ஒரு நாட்டுப்பள்ளியில் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதைக் கண்டார். காகிதமும் எழுதுகோலும் இன்றி எழுத்துக் கற்பிக்கும் அம்முறை அவரைக் கவர்ந்தது. தம் விடுதியிலும் அதைக் கொண்டுவரச் சொன்னார். ஆசிரியர்கள் முகம் சுளித்தனர். பெல் வாதாடவில்லை, ஜான் ஃப்ரிஸ்கின் என்னும் எட்டு வயதுச் சிறுவனைக் கூப்பிட்டு, சிறுவர் வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். வளர்ந்தவர்கள் முடியாதென்றதைச் சிறுவன் செய்துகாட்டினான். பிறகு வகுப்புக்கு வகுப்பு மூத்த பிள்ளைகளே கற்பிக்கலாயினர்.

பெல் 1796-இல் ஊர் திரும்பினார். மறு ஆண்டு, சென்னையில் செய்த கல்விச் சோதனையைப் பற்றி லண்டனில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். 1798-இல் ஜோசப் லங்காஸ்டர் என்பவர் அதே நகரின் சவுத்வார்க் பகுதியில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி, இதை ஒத்த முறையைப் பெரிய அளவில் நடத்தினார். 1811-இல் தேசியச் சங்கம் ஒன்று அமைத்து, பெல்லின் முறையை இங்கிலாந்து முழுவதும் பரப்பினர். அம்முறைக்கு அவர்கள் இட்ட பெயரே 'மெட்ராஸ் முறை' என்பதுதான். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் பெல்லின் செல்வத்தைக்கொண்டு 1833-இல் திறந்த பள்ளி 'மெட்ராஸ் கல்லூரி' என்ற பெயரோடு இன்றும் இருக்கிறது. நம் ஊர்த் திண்ணையின் பெயர் கடல் கடந்து அங்கே கல்லில் நிற்கிறது. இங்கே நமக்குச் சட்டாம்பிள்ளைத்தனம் என்ற வசைதான் மிச்சம்!

இது ஏதோ பெல் ஒருவரின் கண்ணுக்கு மட்டும் தெரிந்த அதிசயம் அன்று. கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் மாவட்டந்தோறும் நாட்டுப்பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னபோது, அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த பெல்லாரியின் கலெக்டர் காம்ப்பெல் 1823-இல் ஓர் அறிக்கை அனுப்பினார். முன்னேறிய மாணவன் பின்தங்கியவனுக்குக் கற்பிப்பதையும், அப்படிக் கற்பிக்கும்போதே தன் அறிவையும் உறுதிப்படுத்திக்கொள்வதையும் அவர் மனந்திறந்து பாராட்டுகிறார்; இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தகும் என்கிறார். அதே அறிக்கையில் குறையும் சொல்கிறார்: பிள்ளைகள் பொருள் தெரியாமல் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிக்கிறார்கள் என்பது அக்குறை. பாராட்டும் குறையும் ஒரே கடிதத்தில் அடுத்தடுத்து இருப்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். மூத்த மாணவனிடம் அன்பும் உழைப்பும் இருக்கலாம். ஆனால் தான் வாங்கியதை வாங்கியபடியே அவன் அடுத்தவனுக்குத் தள்ளிவிடுகிறான். பொருள் தெரியாமல் வாங்கியிருந்தால் பொருள் தெரியாமலே தருவான்.

இங்கிலாந்திலும் அதுவே நடந்தது. லங்காஸ்டர் பள்ளியில் ஓர் ஆசிரியர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளித்தார். எத்தனை சிக்கனம்! ஆனால் புத்தகத்தில் இல்லாத கேள்வி ஒன்றைப் பிள்ளை கேட்டால் மூத்த மாணவனால் விடை சொல்ல முடியவில்லை. கேட்காமலிருக்கச் செய்யத்தான் முடிந்தது. அங்கே ஒழுங்குக்குத் தந்த இடத்தைப் புரிதலுக்குத் தரவில்லை. குறும்பு செய்தவனைக் கூடையில் வைத்துக் கூரையில் தொங்கவிடும் தண்டனைகூட லங்காஸ்டரின் முறையில் இருந்தது. அதிகாரம் கொடுத்தார்கள், பயிற்சி கொடுக்கவில்லை. பயிற்சி இல்லாதவன் கையில் அதிகாரம் மட்டும் இருந்தால் அவன் என்ன செய்வான்? அதட்டுவான். நம் திண்ணையிலும் அதுவே நடந்திருக்க வேண்டும். இல்லையேல் அச்சொல் இப்படிக் கெட்டிருக்காது.

ஆங்கிலேயர் அம்முறையை அடியோடு ஒழித்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும், திருத்தினார்கள். 1846-இல் கே-ஷட்டில்வொர்த் என்னும் கல்வி அதிகாரியின் முயற்சியால் 'மாணவ-ஆசிரியர்' திட்டம் வந்தது. 13 வயது நிரம்பிய மாணவனைத் தேர்ந்தெடுத்து, ஐந்தாண்டு தொழில் பழகுபவனாகச் சேர்த்தனர். பகலில் அவன் சிறுவர்களுக்குக் கற்பிக்க வேண்டும். பள்ளி நேரத்துக்கு வெளியே தலைமையாசிரியர் அவனுக்கு நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் கற்பிக்க வேண்டும். அவனுக்கு ஆண்டுக்கு 10 பவுனில் தொடங்கி 20 பவுன்வரை உதவித்தொகை. அவனைப் பழக்கிய தலைமையாசிரியருக்கும் தனியே தொகை. சிறுவனைப் பிடித்து நிறுத்திவிட்டால் போதும் என்ற நினைப்பிலிருந்து, அவனைப் பழக்குவதற்கு நேரமும் பணமும் ஒதுக்க வேண்டும் என்ற முடிவுக்கு வர அவர்களுக்கு அரை நூற்றாண்டு ஆயிற்று. முதுகில் தட்டும் நிலையிலிருக்கும் நாம் எந்த ஆண்டில் நிற்கிறோம் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

வரலாற்று மாணவன் என்பதால் வரலாற்றை நீட்டிவிட்டேன். இனி ஊருக்கு வருகிறேன்.

நான் மேல்விஷாரத்திலிருந்து வருபவன். பாலாற்றுக்குத் தெற்கே, சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். தோலால் வளர்ந்த ஊர் என்று எல்லோரும் சொல்வார்கள். தோல் வணிகர்கள் கொடுத்த பணத்தில் பள்ளிகளும் எழும்பிய ஊர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தோல் வணிகரும் வள்ளலுமான சி. அப்துல் ஹக்கீம் பெயரில் 1965-இல் தொடங்கிய கல்லூரி ஊரின் பெருமை. அங்கே படிப்பவர் பலர். எங்களைப் போல் பேருந்தேறி அரசு கலைக் கல்லூரிக்கு வருபவரும் பலர். எங்களில் பெரும்பாலோர் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா டேனரியில் இருப்பார். அம்மாவோ அக்காவோ ஷூ கம்பெனியில் அப்பர் தைப்பார். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவர் உண்டு. உருதுவழியில் படித்தவர் உண்டு. இங்கே வந்து முதல் வாரமே ஆங்கிலத்தில் பொருளியலும் கணக்குப்பதிவியலும் கேட்கும்போது ஏற்படும் திகைப்பை, பட்டதாரிகள் நிறைந்த வீட்டிலிருந்து வருபவர் முழுதும் உணர்வது கடினம். வீட்டில் கேட்க ஆளில்லை. விரிவுரையாளரிடம் கேட்கக் கூச்சம். மிச்சமிருப்பவர் மூத்த மாணவர் ஒருவரே. அவரும் கைவிட்டால், அல்லது கைகொடுக்கத் தெரியாமல் கொடுத்தால், முதல் பருவத்தில் இரண்டு அரியர், இரண்டாம் பருவத்தில் நான்கு, அதன்பின் ஷூ கம்பெனியில் வேலை. எங்கள் தெருவிலேயே அப்படி நின்றவர்களை எண்ண எனக்கு இரு கை விரலும் வேண்டும். அந்த வேலை இழிவென்று நான் சொல்லவில்லை. எங்கள் வீடுகளின் அடுப்பு அதனால்தான் எரிகிறது. ஆனால் விரும்பிப் போவது வேறு, பாடம் விளங்காததால் போய்ச் சேர்வது வேறு.

எங்கள் தெருவில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் தேர்வுக் காலத்தில் மின்விளக்குப் போட்டுப் பாய் விரித்துவிடுவார்கள். அங்கே சொல்லிக்கொடுக்கும் மூன்றாமாண்டு வணிகவியல் மாணவர் ஒருவர் உண்மையிலேயே கெட்டிக்காரர். தம் உறக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஏழெட்டுப் பேருக்குச் சொல்லித் தருவார், காசு வாங்கமாட்டார். ஆனால் அவர் முறை என்ன? இளையவன் நோட்டைத் திறந்து, "பாய், இந்தக் கணக்கு வரல" என்பான். அவர் உடனே அவன் கையிலிருந்த பேனாவை வாங்குவார். இரண்டு நிமிடத்தில் இருப்புநிலைக் குறிப்பு முழுவதும் அழகாக வந்து நிற்கும், இரு பக்கமும் சமமாக. "புரிஞ்சுதா?" என்பார். "புரிஞ்சுது பாய்" என்பான். எனக்குத் தெரிந்து அம்மாடியில் யாரும் 'புரியவில்லை' என்று சொன்னதில்லை. அந்த நல்லவரைப் பார்த்து எப்படிச் சொல்வான்? மறுநாள் அதே கணக்கை எண்ணை மாற்றிக் கொடுத்தால் பேனா நகராது.

அதே தெருவில் எதிர்வீட்டு அக்கா ஒருவர் இருக்கிறார். அவரிடம் என் தங்கையும் போகிறாள். அவர் பட்டப்படிப்பில் பெரிய மதிப்பெண் வாங்கியவர் அல்லர். தாமே இரண்டு அரியர் எழுதித் தேறியவர். ஆனால் அவரிடம் போன பெண்கள் அடுத்த தேர்வில் நிற்கிறார்கள். ஒருநாள் கவனித்தேன். தங்கை, 'தேய்மானம்' என்றால் என்னவென்று புத்தகத்து வாசகத்தை ஒப்பித்தாள். அக்கா அதைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை. "உங்கப்பா டேனரில அந்தப் பெரிய மர டிரம் இருக்கே, அது வாங்கி எத்தனை வருஷம் இருக்கும்?" என்று கேட்டார். "பத்து வருஷம் இருக்கும்கா." "இப்ப வித்தா வாங்குன வெலைக்கே போகுமா?" தங்கை சிரித்தாள். "அப்ப மிச்சப் பணம் எங்க போச்சு? நீ சொல்லு, நான் கேக்குறேன்" என்றவர், அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. எனக்கே பொறுக்கவில்லை; அத்தனை நேரம் காத்திருந்தார். கடைசியில் தங்கை தானே வந்து சேர்ந்தாள். பேனா முழுநேரமும் அவள் கையில்தான் இருந்தது.

இதை எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். இரண்டு ஆண்டு அவர் 'இல்லம் தேடிக் கல்வி'யில் தன்னார்வலராக இருந்தாராம். 2021 அக்டோபரில், பெருந்தொற்றில் பள்ளியிழந்த பிள்ளைகளுக்காக அரசு தொடங்கிய அத்திட்டத்தில், அந்தந்த ஊர்த் தன்னார்வலர்களுக்கு முதலில் பயிற்சி தந்து, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையும் தந்தார்கள். "பிள்ளைங்க கையிலேருந்து எதையும் பிடுங்காதீங்கன்னு அங்கதான் சொன்னாங்க" என்றார் அக்கா. மாடியில் இருக்கும் கெட்டிக்காரருக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு அறிவில் இல்லை, மனத்தில் இல்லை. யாரோ ஒருவர் இவருக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார், அவ்வளவே.

இதற்கு முன்னும் நம் நாட்டில் இது நடந்திருக்கிறது. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எர்ணாகுளத்திலும், பின்னர் நம் புதுக்கோட்டையிலும் பிற மாவட்டங்களிலும் அறிவொளி இயக்கம் நடந்தபோது, தொண்டர்களைச் சும்மா அனுப்பிவிடவில்லை. முதலில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் வழியாகப் பலருக்குப் பயிற்சி, அப்பலர் வழியாக ஊர்தோறும் தொண்டர்களுக்குப் பயிற்சி என்று மூன்று படிகள் வைத்தார்கள். கையெழுத்துக் கற்றுக்கொடுக்கவே மூன்று படி வேண்டியிருந்ததென்றால், கணக்குப்பதிவியலுக்கும் கரிம வேதியியலுக்கும் ஒரு படியாவது வேண்டாமா?

சரி, அப்பயிற்சியில் எதைச் சொல்லித் தருவது? இதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் என்னை மன்னிப்பார்களாக. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூலின் பொதுப்பாயிரத்தைப் பகுதி ஒன்று தமிழ்ப் பாடத்துக்காகப் படித்தபோது, இது இலக்கண நூலா, பயிற்சிக் கையேடா என்று எனக்கு ஐயம் எழுந்தது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் தேறும் என்கிறார். உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால். மீதி இரண்டு காலும் தான் பிறருக்கு எடுத்துரைப்பதால்தான் வரும் என்கிறார். காம்ப்பெல் கலெக்டர் 1823-இல் வியந்ததை இவர் அறுநூறு ஆண்டுக்கு முன்பே கணக்குப் போட்டு வைத்துவிட்டார். மற்றவருக்குச் சொல்லிக்கொடுத்தால் என் படிப்புக் கெட்டுவிடும் என்று ஒதுங்கும் முதல் மதிப்பெண் மாணவர்கள் இப்பகுதியை ஒருமுறை பார்ப்பது நல்லது. அவர்களிடம் இருப்பது அரைப் படிப்பு.

அதைவிடச் சுவையானது, ஆசிரியராகத் தகாதவருக்கு அவர் கூறும் நான்கு உவமைகள். கழற்சிக்காய் நிறைத்த குடத்தைக் கவிழ்த்தால், போட்ட வரிசையில் காய் வராது. முன்னது பின்னாகக் கொட்டும். கருக்கு நிறைந்த மடல் சூழ்ந்த பனை, தானாகக் கனியை உதிர்த்தாலன்றி யாரையும் ஏறவிடாது. பஞ்சு அடைத்த குண்டிகையில் அடைப்பதும் கடினம், எடுப்பதும் கடினம். வளைந்த தென்னை, நீர் ஊற்றியவனை விட்டு அடுத்த வீட்டில் காய் உதிர்க்கும். நம் விடுதியில் இந்த நான்கு பேரும் இருக்கிறார்கள், ஒரே வராந்தாவில்! அறிந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டுபவர் குடம். மனம் வந்தால் மட்டும், தேர்வுக்கு முந்தைய இரவில், 'இது நிச்சயம் வரும்' என்று ஒரு கேள்வியை உதிர்ப்பவர் பனை. ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துச் சொல்பவர் பஞ்சுக் குண்டிகை. தம் துறை இளையவரை விட்டுவிட்டு, வேறொரு துறையின் வாசலில் நின்று உற்சாகமாகப் பாடம் நடத்துபவர் வளைந்த தென்னை. அவர் ஏன் அங்கே நிற்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. மேலும் விளக்கத் தேவையில்லை.

பாடம் சொல்லும் முறைக்கும் அவர் விதி வைத்திருக்கிறார். காலமும் இடமும் பார்க்க வேண்டும்; சொல்லவிருப்பதை முன்கூட்டியே மனத்தில் அமைத்துக்கொள்ள வேண்டும்; விரைவும் சினமும் கூடாது; முகமலர்ச்சி வேண்டும்; கொள்பவன் எவ்வகையில் கொள்வான் என்று அறிந்து அவ்வகையில் தர வேண்டும். இவற்றுள் கடைசி விதி ஒன்றைப் பழகவே ஒருவருக்கு ஒரு பருவம் ஆகும். கேள்வி கேட்டபின் வாயை மூடிக் காத்திருப்பது. 'புரிந்ததா' என்று கேட்பதை விட்டு, 'எனக்குச் சொல்லிக் காட்டு' என்பது. இளையவனுக்குத் தெரிந்த தமிழிலோ உருதுவிலோ பொருளை நிறுத்திவிட்டுப் பிறகு ஆங்கிலச் சொல்லைக் கொண்டுவருவது. நாலு பேர் முன்னிலையில் அவன் பிழையைச் சிரிப்பாக்காதிருப்பது. இவை யாவும் பழக்கத்தால் வருபவை. ஒப்படைப்பை எழுதிக் கொடுப்பது எந்த எல்லையில் உதவி என்ற பெயரை இழக்கிறது என்பதும் பேசித் தெளிய வேண்டிய ஒன்று. அதுபோலவே, தனக்குத் தெரியாதபோது தெரியாதென்று சொல்லி விரிவுரையாளரிடம் அழைத்துச் செல்வதும். பணக்கஷ்டத்தையோ வீட்டுத் துயரத்தையோ இளையவன் சொல்லி அழுதால், கேட்டதை வெளியே விடாமல், யாரிடம் கொண்டுபோக வேண்டுமோ அவரிடம் கொண்டுபோகத் தெரிவது இவை எல்லாவற்றிலும் கடினம். பத்தொன்பது வயதுப் பையனுக்கு இதெல்லாம் தானாக வந்துவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

எங்கள் ஊர் டேனரியில் தோலின் கனத்தைச் செதுக்கிச் சீராக்கும் இயந்திரம் இருக்கிறது. புதிதாக வந்தவனை எவரும் முதல் நாளே அதன்முன் நிறுத்துவதில்லை. தோல் எடுத்துக் கொடுக்க வேண்டும், அடுக்க வேண்டும், பழகியவர் கையைப் பார்க்க வேண்டும். பிறகு அவர் பக்கத்தில் நிற்க இவன் ஓட்ட வேண்டும். ஏனெனில் தோல் கெட்டால் நட்டம் அன்று மாலையே முதலாளிக்குத் தெரிந்துவிடும். கல்லூரியில் ஒருவன் படிப்புக் கெட்டால் அது யார் கணக்கிலும் ஏறுவதில்லை.

வெளிநாட்டுக் கல்லூரிகளில் இதை ஒழுங்காகச் செய்கிறார்கள். அமெரிக்காவில் சி.ஆர்.எல்.ஏ. என்னும் சங்கம் 1989 முதல் கல்லூரிகளின் மாணவப் பயிற்றுநர் பயிற்சித் திட்டங்களுக்குச் சான்று வழங்கி வருகிறது. முதல் நிலைச் சான்றிதழ் பெறக் குறைந்தது 10 மணி நேரப் பயிற்சியும், 25 மணி நேரம் நேரில் சொல்லிக்கொடுத்த பழக்கமும் வேண்டும். பத்து மணி நேரம் என்பது நம் கணக்கில் இரண்டு சனிக்கிழமைகள். மிசௌரிப் பல்கலைக்கழகத்தின் கான்சஸ் நகர வளாகத்தில் 1973-இல் டியானா மார்ட்டின் தொடங்கிய திட்டம் இன்னும் நுட்பமானது. பின்தங்கிய மாணவர் யார் என்று அவர் தேடவில்லை. எந்தப் பாடத்தில் பலர் தோற்கிறார்கள் என்று தேடினார். அப்பாடத்தை முன்பே நன்றாக முடித்த மூத்தவர் ஒருவர், பயிற்சி பெற்றபின், மறுபடியும் அந்த வகுப்பில் அமர்ந்து பாடம் கேட்டு, பிறகு எல்லோருக்குமாகக் கூட்டம் நடத்துகிறார். 'மக்குகளுக்கான வகுப்பு' என்ற பெயர் அதற்கு வர வழியே இல்லை. நம் ஊரில் 'ஸ்லோ லேர்னர்' என்று பட்டியல் ஒட்டி, பெயர் உள்ளவனைத் தலைகுனிய வைக்கும் வழக்கத்துக்கு இது எவ்வளவோ மேல்.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். பணம் எங்கே என்பது ஒன்று. பத்துப் பயிற்றுநர்களுக்கு மாதம் ஆயிரம் என்றால் பத்தாயிரம் ரூபாய். முன்னாள் மாணவர் சங்கமும் பெற்றோர்-ஆசிரியர் கழகமும் மனம் வைத்தால் திரளாத தொகை அன்று. தொகை எதற்கு, தொண்டாகச் செய்யட்டுமே என்பார் உண்டு. மாலையில் மருந்துக் கடையில் நின்று வீட்டுக்குக் காசு கொடுக்கும் மாணவனிடம் தொண்டு செய் என்றால், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே பயிற்றுநராவார்கள். எதிர்வீட்டு அக்காவைப்போல் இரண்டு அரியர் எழுதித் தேறியவர் அந்த வரிசைக்கு வரமாட்டார். என் கருத்தில், திகைப்பென்றால் என்னவென்று அறிந்த அவரே அந்த இடத்துக்கு முதல் தகுதி உடையவர்.

மற்றோர் எதிர்வாதம் மிக வலுவானது. அதை எழுப்பியவர் எங்கள் துறையின் கௌரவ விரிவுரையாளர் ஒருவர். "இப்படியே மாணவர்களைப் பழக்கிவிட்டால், காலிப் பணியிடத்தை நிரப்பவே வேண்டாம் என்று சொல்லிவிடமாட்டார்களா?" என்று கேட்டார். வரலாறு அவர் பக்கம் இருக்கிறது. லங்காஸ்டரின் முறை பரவியதே மலிவு என்பதால்தான். ஆசிரியர் சம்பளத்தை மிச்சம்பிடிக்கும் கருவியாக மூத்த மாணவனை ஆக்கினால், மறுபடியும் கிடைப்பது பழைய சட்டாம்பிள்ளைதான். ஆகவே நான் கேட்பது ஆசிரியருக்கு மாற்று அன்று. ஆசிரியரின் வேலையைக் கூட்டும் ஏற்பாடு. பயிற்சி தர அவர் வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பயிற்றுநர்களைக் கூட்டிவைத்து, எந்தப் பாடத்தில் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள் என்று கேட்க அவர் வேண்டும். கற்பிப்பவரே போதாத துறையில் இத்திட்டம் நடக்காது, நடத்தவும் கூடாது. 1846-இல் தலைமையாசிரியருக்குத் தனித்தொகை வைத்ததுபோல், இவ்வேலையை ஏற்கும் விரிவுரையாளருக்கும், அவர் கௌரவ விரிவுரையாளராயினும் சரி, அதற்கான மணி நேரத்தைக் கால அட்டவணையில் காட்டிக் கணக்கிட வேண்டும்.

முதல்வர் அவர்களுக்கும் துறைத்தலைவர்களுக்கும் நான் வைக்கும் வேண்டுகோள் மிகச் சிறியது. எல்லாத் துறையிலும் தொடங்க வேண்டாம். சென்ற மூன்று ஆண்டுத் தேர்வு முடிவுகளைப் பார்த்து, முதலாண்டில் அதிகம் பேர் தோற்கும் இரண்டே பாடங்களைத் தேர்ந்தெடுங்கள். அவ்விரண்டுக்கும் பத்துப் பேரை, அவர்களுள் பாதியாவது பெண்களாக, மதிப்பெண்ணை மட்டும் பாராமல் அழைத்துப் பேசித் தேர்ந்தெடுங்கள். வகுப்புகள் திறந்த முதல் மாதத்தின் இரண்டு சனிக்கிழமைகள் பயிற்சிக்கு. பருவ முடிவில் அவர்கள் எத்தனை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதைக் கல்லூரி முத்திரையோடு ஒரு சான்றாகத் தாருங்கள், பி.எட். சேரப் போகிறவருக்கும் வேலை தேடப் போகிறவருக்கும் அது கைகொடுக்கும்.

இடம் வேண்டுமே என்றால், முதல் மாடியில் நூலகத்துக்கு எதிரே உள்ள அறை மாலை மூன்றரை மணிக்குப் பூட்டப்பட்டுவிடுகிறது. அதில் இரண்டு மின்விசிறியும் ஒரு கரும்பலகையும் இருக்கின்றன. விசிறிகளுள் ஒன்று சுற்றுவதில்லை, பரவாயில்லை. மேல்விஷாரம் பக்கம் போகிறவர்களுக்கு ஐந்தே முக்காலுக்கு ஒரு பேருந்து உண்டு. அந்த அறையின் சாவியை ஐந்தரை மணிவரை எங்களிடம் கொடுத்தால் போதும்.